மார்ச் மாதத்தில் ஓ.டி. வேண்டாம் என்ற தவமணி

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது சம்பளப் பிரிவைக் கவனிக்கிறவள் கவிதா. போன வாரம் போன் பண்ணினாள். பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லை என்று ஆனதிலிருந்து அங்கே ரப்பரை அழுத்தி அச்செடுக்கிற பிரஸ் பிரிவில் அநேகமாக யாருக்குமே வரி பிடிப்பதில்லையாம். "அக்கா, இனிமே மார்ச் மாசம் எல்லாரும் ஓ.டி.க்கு வந்துருவாங்கள்ல? மேனேஜர் அந்த நம்பிக்கையில ஆர்டர் புடிச்சிட்டாரு. நீங்கதான் ஆரம்பத்துல இருந்து பாத்தவங்க, சொல்லுங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. ஓய்வு பெறுகிற வரைக்கும் மாதாமாதம் சம்பளம் போட்டவள் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? ஆனால் நிஜம் அதுதான். வரி கூடினால் மனுஷன் வேலையைக் குறைப்பானா, வரி போனால் வேலைக்கு ஓடி வருவானா என்ற கேள்வியை நான் விட்டதே இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஆளுக்கொரு பதில்தான் கிடைத்தது. அதில் ஒரு ஆளின் பதிலை எழுதி வைத்தால் கவிதாவுக்கு உபயோகப்படலாம், படாமலும் போகலாம்.

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தாண்டியதும் இருந்தது எங்கள் கம்பெனி. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ரப்பர் சாமான்கள் செய்கிற இடம். கதவு இடுக்கில் ஓடுகிற பட்டை, பம்புக்குள் போகிற வளையம், இஞ்சினுக்கு அடியில் வைக்கிற கட்டை, இப்படி. வெந்த ரப்பர் வாசனை சேலையில் ஏறிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தலைமுடியில் மிச்சம் இருக்கும். பி.காம். முடித்துவிட்டு டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பிறகு யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று பார்க்கிற டைம் ஆபீசில் போட்டார்கள். அங்கிருந்து சம்பளப் பிரிவு. அதிலேயே தலை நரைத்து, அதற்குப் பொறுப்பாளராகி, வெளியே வந்தேன். வேலை கற்றுக்கொண்ட கதையெல்லாம் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள், விட்டுவிடுகிறேன்.

எனக்கு மேலே சீஃப் அக்கவுண்டன்ட் சுந்தரேசன் சார். ஒல்லியான மனிதர், மொபெட்டில் வருவார், மதியம் தயிர்சாதம். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா? எப்படித் தெரியும்?" என்பார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அவர் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் ஃபைல்களை அடுக்கி வைத்திருப்பார், வந்தவர்கள் உட்கார்ந்து கதையளக்கக் கூடாது என்று. சொல்கிற விஷயம் அவருக்குச் சுவையாகப் பட்டுவிட்டால் மட்டும், அவரே எழுந்து வந்து அந்த ஃபைல்களைத் தரையில் இறக்கி வைப்பார். அவரிடம் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

எங்கள் முதலாளிக்கும் அவருக்கும் ஓயாத ஒரு வழக்கு இருந்தது. முதலாளி கணக்குப் பார்க்க வரும்போதெல்லாம், "சம்பாதிக்கச் சம்பாதிக்க மேல மேல வரி போட்டா எவன்யா தொழில வளர்ப்பான்? முப்பது சதவீதம் கட்டுறதுக்கா நான் இன்னொரு ஷெட்டு போடணும்?" என்பார். அவர் போனதும் சார் என்னிடம், "இப்படிச் சொல்லிக்கிட்டே ரெண்டு ஷெட்டு போட்டுட்டார். வரி இல்லாம இருந்தா நாலு போட்டிருப்பாரா, இல்ல போதும்னு கொடைக்கானல்ல வீடு வாங்கி உக்காந்திருப்பாரா? யாருக்குத் தெரியும்?" என்பார். கிண்டலாகச் சொல்ல மாட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் ஆனதும் என் சம்பளமும் வரியில் மேல் படிக்கு ஏறி, கூடுதல் வரி பிடித்தார்கள். அதற்காக நான் ஒரு நாள்கூடச் சீக்கிரம் கிளம்பவில்லை. வீட்டில் மாமியார் இருந்தார், ஆபீசில் ஃபேன் இருந்தது.

இனி மார்ச் மாத விவகாரம். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். ஏப்ரலில், இந்த வருஷம் இன்ஷூரன்ஸ் போடப் போகிறேன், வீட்டுக் கடன் கட்டப் போகிறேன், அதனால் எனக்கு வரியே வராது என்று ஆளாளுக்குச் சொல்லிவிடுவார்கள். நாங்களும் அதை நம்பி வரி பிடிக்காமல் விட்டுவிடுவோம். ஜனவரியில் ரசீது கேட்டால் தலையைச் சொறிவார்கள். அப்புறம் வருஷம் முழுவதற்குமான வரியை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்றே மாதத்தில் பிடித்தாக வேண்டும். சம்பளக் கவரைப் பிரித்ததும் ஷெட்டுக்குள் இழவு விழுந்த மாதிரி இருக்கும். எங்களுக்கோ அந்த மூன்று மாதம்தான் ஆர்டர் குவிகிற காலம். ஐந்து மணிக்குப் பிறகும் நின்று ஓ.டி. பார்க்க ஆள் வேண்டும், இரட்டைக் கூலி. அந்த நேரம் பார்த்து, "வேணாம், வரியில போயிரும்" என்று ஒதுங்குகிறவர்களுக்கு முன்னால் நிற்பவர் தவமணி.

தவமணி வாடிப்பட்டிக்காரர். செட்டர் வேலை. அதாவது, கனத்த இரும்பு அச்சுகளைப் பிரஸ்ஸில் ஏற்றி, சூடும் அழுத்தமும் சரியாக வைத்துக் கொடுக்கிறவர். பெரிய பிரஸ்ஸுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. அவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டால் அடுத்த அச்சு மாற்ற முடியாமல் பிரஸ் சும்மா வெந்துகொண்டு நிற்கும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கூப்பிட்ட போதெல்லாம் இருப்பார். பொங்கல் போனதும் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொள்வார்.

ஒரு வருஷம் அதனால் ஒரு பெரிய ஆர்டர் பிந்தியது. மற்றவர்களுக்கும் இவர்தான் சொல்லிக் கொடுத்துத் தடுக்கிறார் என்று முதலாளிக்கு யாரோ ஓதிவிட்டார்கள். "அடுத்த மார்ச்சும் இதே மாதிரின்னா அவன சஸ்பெண்ட் பண்ணிருவேன்" என்று சொல்லிவிட்டார். வெறும் மிரட்டல் இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு ஆளை அப்படி வெளியே அனுப்பி, அவர் திரும்பி வரவே இல்லை. தவமணிக்கு இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பிரஸ்ஸுக்கே போய் அவரைப் பிடித்தேன். "என்ன அண்ணே, எதுக்கு வர மாட்டேங்கிறீங்க?"

"வரிதான் விஜயாக்கா. நாலு மணி நேரம் நின்னா அதுல பாதிய கவர்மெண்டு தூக்கிட்டுப் போயிருது. அதுக்கு நான் வீட்டுல போய்ப் படுத்துக்கிருவேன்."

அவரை விட நான் இளையவள். இருந்தாலும் ஷெட்டில் எல்லோருக்கும் நான் அக்காதான். அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். படி ஏறினால் ஏறின பங்குக்கு மட்டும்தான் கூடுதல் வரி, கீழே இருக்கிற பணத்துக்குப் பழைய வரிதான், ஓ.டி. பார்த்தால் எப்படியும் கையில் மிஞ்சத்தான் செய்யும் என்று. மார்ச்சில் அம்புட்டு போகிறதென்றால் அது மார்ச் ஓ.டி.க்கான வரி இல்லை, வருஷம் முழுவதற்கும் உள்ளது என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "நல்லாப் புரியுதுக்கா" என்றார். மணி ஐந்தானதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதற்கு நேர் எதிர் வில்லாபுரம் செல்வம். அவர் சின்னப் பிரஸ்ஸில் ஆபரேட்டர். வீட்டுக் கடன் மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கிற மனிதர். பிப்ரவரியில் வரி பிடித்ததும் அவர் ஒரு ஓ.டி.யையும் விட மாட்டார். "குறையுறத எங்குட்டாச்சும் தேத்தணும்ல? தவணைக்காரன் வரியப் பாத்தா விடுவான்?" என்பார். ஒரே வரி, ஒருவரை வீட்டுக்குத் துரத்துகிறது, இன்னொருவரை வீட்டுக்கே விடாமல் வேலையில் நிறுத்துகிறது. இதைப் போய் சார் எதிரே சொன்னேன். அவர் எழுந்து வந்து நாற்காலியிலிருந்து ஃபைல்களை இறக்கினார்.

உட்கார்ந்த தைரியத்தில் ஒரு யோசனையும் சொன்னேன். ஏப்ரலில் அவர்கள் சொல்வதை நம்பாமல், முதல் மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, டிசம்பருக்குள் வருஷ வரியை முடித்துவிடலாம். ரசீது கொண்டு வந்தால் குறைத்துக்கொள்ளலாம். மார்ச் மாதச் சம்பளம் முழுசாகக் கைக்கு வந்தால் தவமணியும் வருவார்.

"அப்படியா? எப்படித் தெரியும்?"

"மனுஷங்களப் பத்தித் தெரியும் சார்."

"பாத்துருவோம்" என்றார். கண் மின்னியது. தவமணியின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் நின்றேன்; சாருக்கோ என்ன ஆகும் என்று பார்க்க ஆசை.

ஏப்ரலில் எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சம் இல்லை. "எங்க பேச்சுல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்கள். கேன்டீனில் டீ மாஸ்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வருஷத்தை ஓட்டினேன். ஜனவரி வந்தது, பிப்ரவரி வந்தது, சம்பளம் முழுசாக வந்தது. ஷெட்டில் ஒப்பாரி இல்லை. நான் பெருமையோடு ஓ.டி. ஆட்களை எண்ணப் போனேன். போன வருஷத்தைவிடக் குறைவு.

செல்வம் ஐந்து மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, நீங்களுமா?"

"அதான் சம்பளம் முழுசா வந்துருச்சேக்கா. இனிமே என்னத்துக்குக் கெடந்து மாரடிக்கணும்? புள்ளைங்க மூஞ்சியப் பாக்கப் போறேன்."

சரி, பள்ளம் இருந்தவரைக்கும் அதை நிரப்ப உழைத்தார். பள்ளத்தை நான் மூடிவிட்டேன். ஆனால் தவமணி? அவருக்குத்தானே இத்தனையும் செய்தது? அவர் பழையபடி பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். என்ன அண்ணே என்றால், "வரிதான்க்கா" என்று அதே பல்லவி. ஒரு பைசா பிடிக்காத மாதம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் மூக்குடைபட்டதுகூடப் பெரிதில்லை. இந்த மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே என்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் என் சித்தி பேத்திக்குக் காதுகுத்து. சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மைக் செட் சத்தம் காதைப் பிளந்தது. அறுவடை முடிந்து காய்ந்த வயலைச் சமன் பண்ணி, கோடு போட்டு, சுற்றிலும் டியூப் லைட் கட்டியிருந்தார்கள். மின்னொளி கபடிப் போட்டி. மைக்கில் ஒருவர், "நடுவர் அண்ணன் தவமணி அவர்கள் களத்திற்கு வருமாறு" என்று கூப்பிட்டார்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். ஷெட்டில் குனிந்தபடியே பார்த்த மனிதர் அங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பாடிப் போன ஒரு பையன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று இரண்டு ஊர்க்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். தவமணி விசிலை ஊதி ஒரு கையைத் தூக்கினார். அம்புட்டுத்தான், இரண்டு பக்கமும் அடங்கித் திரும்பிப் போனார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரிடம் மெல்ல வாயைக் கிளறினேன். "பொங்கல் கழிச்சு பங்குனி வரைக்கும் தெனம் ஒரு ஊர்ல ஆட்டந்தான். தவமணி வர்றாருன்னாத்தான் ரெண்டு ஊரும் ஒத்துக்கிரும். அவரு இல்லாத மேட்ச்சு அடிதடியிலதான் முடியும்" என்றார். தவமணி என்னைப் பார்த்துவிட்டார். விசில் வாயிலேயே நின்றது. நான் பார்க்காத மாதிரி பஸ் ஏறிவிட்டேன். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் பயம். ஆர்டர் கிடக்க, கபடிக்குப் போனார் என்று முதலாளி காதில் விழுந்தால் சஸ்பெண்ட் இல்லை, நேரே வீட்டுக்குத்தான். வரி என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வந்தாலும் அது அவரே தினமும் சொல்கிற பேச்சு. எனக்கு அப்போதுதான் புரிந்தது, தவமணி சும்மா அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதையும் நான் விளக்கம் சொல்லிச் சொல்லி இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தவமணியைக் கூப்பிட்டுவிட்டார்கள். விசாரித்துச் சொல்லும்படி முதலாளி சுந்தரேசன் சாரிடம் விட்டிருந்தார். சஸ்பெண்ட் ஆர்டர் டைப் ஆகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அறையில் சார், நான், எதிரே நின்றுகொண்டு தவமணி. வாடிப்பட்டியில் பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"உங்களுக்கு இந்த மாசம் வரி பிடிக்கவே இல்ல. வரின்னு சொல்றீங்க. எனக்குப் புரியல" என்றார் சார்.

தவமணி என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்துகொண்டேன். அப்புறம் சொல்லிவிட்டார், கபடி, நடுவர், ஊர், எல்லாம். "வேலைய மதிக்காம இல்ல சார். ஒம்பது மாசம் நீங்க கூப்புட்ட நேரமெல்லாம் நிக்கிறேன். இந்த ரெண்டு மூணு மாசம் சாயங்காலம் மட்டும் எனக்கு வேணும் சார்."

சார் நாற்காலியிலிருந்து முன்னால் வந்தார். எனக்கு அந்த முகம் தெரியும். வேலை போகுமா போகாதா என்பதையே மறந்துவிட்டார் மனிதர்.

"வரியே கிடையாதுன்னா வருவீங்களா?"

"வர மாட்டேன் சார்."

"இப்ப இரட்டைக் கூலி. மூணு மடங்கு குடுத்தா?"

தவமணி நிஜமாகவே யோசித்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வருசத்துக்கு இம்புட்டு வேணும்னு ஒரு அளவு இருக்கு. புள்ளைங்க படிப்பு, வீட்டுச் செலவு. நீங்க கூடக் குடுத்தா அது சீக்கிரமே வந்துரும். அப்ப டிசம்பர்லயே நின்னுக்கிருவேன்."

சார் என் பக்கம் திரும்பினார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "கேட்டியாம்மா விஜயா?" என்றார். "கேட்டேன் சார், அவரு வேலை போகப் போகுது சார்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டிருந்தது.

அப்போது இன்டர்காம் அடித்தது. முதலாளி. ரிசீவரைத் தாண்டி அவர் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. "என்ன சொல்றான்? ஏன் வர மாட்டேங்கிறானாம்?"

தவமணி கண்ணை மூடிக்கொண்டார். சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் வாயால் ஒரு சொல்லைக்கூட உறுதியாகச் சொல்லியறியாத மனிதர், தயங்காமல் சொன்னார்.

"வரிதான் சார் காரணம்."

"பாத்தீங்களா? நான் அன்னைக்கே சொல்லல? உழைக்கிறவனையும் இந்த வரி உழைக்க விடாதுன்னு. பாவம், அவன் மேல என்ன தப்பு இருக்கு? விடுங்க, வேற எவனையாச்சும் செட்டர் வேலை பழக்குங்க." கோபம் போய், குரலில் ஒரு குளிர்ச்சி வந்துவிட்டது. சார் ரிசீவரை வைத்தார். டைப் அடித்த ஆர்டரைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். தவமணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

அதற்கு விலை இல்லாமல் இல்லை. செட்டர் வேலை பழகிக்கொண்டவர் வில்லாபுரம் செல்வம். வேலை நேரம் கூடாமலே சம்பளக் கிரேடு கூடுகிறது என்றதும் ஓடி வந்தார். சூப்பர்வைசர் இடம் காலியானபோது அதுவும் அவருக்கே போனது. தவமணி செட்டராகவே ஓய்வு பெற்றார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்த விசாரணை நடந்த வருஷம், மே மாதம் நகரத்துத் தொழிலதிபர்கள் கூடி, வரியைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். ஏ.சி. ஹால், முந்திரி பிஸ்கட். எங்கள் முதலாளி பேசுகிறார் என்று கடைசி வரிசையில் சாரும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் நடுவில் மேஜையைத் தட்டி, கூட்டத்தைப் பார்த்து, "என் கம்பெனியில ஒரு செட்டர். தங்கமான கை. இரட்டைக் கூலி தர்றேன்னு கெஞ்சினேன். வரிக்குப் பயந்து வேணாம்னுட்டான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? இப்படி இருந்தா நாடு எப்படி வளரும்?" என்று கேட்டார்.

ஹாலே எழுந்து கை தட்டியது. நாங்களும் தட்டினோம். எல்லோரும் நிறுத்தின பிறகும் சாரும் நானும் தட்டிக்கொண்டே இருந்தோம்.